துறைமுகத்தில் ஒரு கணித மேதை

இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணிதம்

மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவருக்கும் ஏதேனும் ஓர் ஆற்றல் இயற்கையாக அமைந்திருக்கிறது. சிலருக்குக் குரல் வளம், சிலருக்குக் கைத்திறன், சிலருக்கு எண்ணோடு பழகும் அறிவு. ஆனால், அமைந்த ஆற்றல் அப்படியே கிடந்தால் அதனால் பயன் யாது? நிலத்தடியில் நீர் இருந்தாலும் கிணறு வெட்டியவன்தானே தாகம் தீர்த்துக்கொள்கிறான்!

இக்கருத்துக்குச் சான்றாக உலகப் பெரியோர் பலருடைய வாழ்க்கையைக் காட்டலாம். நான் நம் வடசென்னைக்கு மிக அருகில் உள்ள ஒருவரையே எடுத்துக்கொள்கிறேன். திருவொற்றியூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் பாரிமுனைக்குப் பேருந்தில் செல்லும் நம்மில் பலர் ராஜாஜி சாலையில் நாள்தோறும் துறைமுகத்தைக் கடக்கிறோம். அந்தத் துறைமுகத்தின் அலுவலகத்தில் 1912ஆம் ஆண்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

இராமானுஜன் என்றதும் நம் மாணவர்கள் இரண்டு செய்திகளைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். ஒன்று, அவர் பிறவி மேதை; நம் போன்றோருக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்பது. மற்றொன்று, அவரே கல்லூரித் தேர்வில் தவறியவர்; ஆகவே நமக்கு அரியர் இருந்தாலும் கவலையில்லை என்பது. இவ்விரண்டும் அவருடைய உழைப்பை மறைத்துவிடுகின்றன. அந்த உழைப்பை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமை

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் எளிய வேலையில் இருந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர். இரண்டு வயதில் இராமானுஜனுக்குப் பெரியம்மை கண்டு பிழைத்தார்.

1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வராகத் தேறி, கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பதின்மூன்று வயதுக்குள் லோனி என்பார் எழுதிய திரிகோணமிதி நூலைப் பிறரிடமிருந்து வாங்கிப் படித்து முடித்தார். 1903இல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த பெரிய கணிதச் சுருக்க நூல் அவருக்குப் படிக்கக் கிடைத்தது. அதில் ஏறத்தாழ 5000 தேற்றங்களும் சூத்திரங்களும் உண்டு. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இராது. இருந்தாலும் ஓரிரு வரிகளே இருக்கும். தேர்வுக்குப் படிப்போருக்காக எழுதப்பட்ட நூல் அது. அதை மனப்பாடம் செய்து முடித்திருக்கலாம். இராமானுஜனோ ஒவ்வொரு சூத்திரமும் ஏன் வருகிறது என்று தாமே போட்டுப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றை நிறுவும்போது அந்த நூலில் இல்லாத வேறு இரண்டு புலப்பட்டன. அவற்றைத் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது இவ்வாறுதான்.

கல்லூரியில் தோல்வி

1904இல் பள்ளியில் கணிதப் பரிசு பெற்று, உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆம், நம்முடையதைப் போன்ற ஓர் அரசுக் கல்லூரியே அது. ஆனால் அவர் நேரம் முழுவதும் கணிதத்துக்கே சென்றது. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை நின்றது. அந்த வேதனையில் 1905இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் அக்கல்லூரி இப்போதுள்ள இடத்தில் இல்லை. பாரிமுனைப் பகுதியில்தான் இருந்தது. அங்கும் உடல்நலம் குன்றியது. எஃப்.ஏ. தேர்வை 1906இலும் 1907இலும் எழுதினார். கணிதத்தில் சிறந்து விளங்கியும் பிற பாடங்கள் அவரைக் கைவிட்டன. பட்டம் பெறும் வழி அத்துடன் அடைந்தது.

இத்தோல்வியை வீரமாகப் பேசுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் அவர் பட்ட துன்பம் சிறிதன்று. வேலையில்லை, வருவாயில்லை, டியூஷன் சொல்லிக் கொடுக்க அலைந்தும் நிலையான வருவாய் அமையவில்லை. 1909இல் ஜானகி அம்மையாரை மணந்தார். 1910 தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சை ஒன்றும் செய்துகொள்ள நேர்ந்தது. பட்டம் இல்லாத குறையை அவர் நன்கு உணர்ந்தவர்; அதைப் பெருமையாகக் கொண்டவர் அல்லர்.

ஆயினும் அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் விடாத ஒன்று உண்டு. அதுவே நோட்டுப் புத்தகம்! தாள் விலை அதிகமாதலால் சிலேட்டில் கணக்குப் போடுவார், முழங்கையால் அழிப்பார், விடை கிடைத்ததும் அதை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்வார்.

வேலை தேடிய நாட்கள்

1910இல் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர். தம் அலுவலகத்தில் ஒரு சிறு வேலை கேட்டு வந்த இளைஞரின் நோட்டை அவர் புரட்டிப் பார்த்தார். இத்தகைய அறிவைத் தாலுகா அலுவலகத்தில் முடக்குவது தகாது என்று கருதி, சென்னையில் உள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த வழியாக நெல்லூர் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவின் அறிமுகம் கிடைத்தது. அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911இல் இராமானுஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

பிறர் கொடையில் நெடுநாள் வாழ அவர் மனம் இசையவில்லை. 1912 தொடக்கத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரங்கள் 20 ரூபாய்க்கு வேலை பார்த்தார். பிறகு துறைமுக நிர்வாகத்துக்கு விண்ணப்பித்தார்.

துறைமுகத்தில்

1912 மார்ச் 1ஆம் நாள் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அன்று போர்ட் டிரஸ்ட் என வழங்கிய அந்த நிர்வாகமே இன்று சென்னைத் துறைமுக ஆணையம் என்று பெயர் பெற்றுள்ளது. அப்போது அதன் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர். அவருக்கு அடுத்த நிலையில் கணக்குகளைக் கவனித்தவர் எஸ். நாராயண ஐயர். இவர் கணிதம் கற்றவர்; இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளராகவும் இருந்தவர்.

இராமானுஜன் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் ஒரு சிறு வீட்டில் தாயாருடனும் மனைவியுடனும் குடியிருந்தார். காலையில் அலுவலகம் புறப்படும் வரை கணக்கு. மாலையில் திரும்பியதும் மீண்டும் கணக்கு. சில நாள் விடிய விடியக் கணக்கு. இரண்டு மூன்று மணி நேரம் உறங்கிவிட்டு வேலைக்குச் செல்வார் என்று ஜானகி அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். துறைமுகத்தில் சரக்குப் பொதிகளைச் சுற்றி வரும் தாள்களைத் தேடி எடுத்து அவற்றிலும் கணக்குப் போட்டதுண்டு.

மாலை வேளைகளில் நாராயண ஐயரின் திருவல்லிக்கேணி இல்லத்தில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் அமர்வார்கள். பத்துப் படிகளில் எழுத வேண்டியதை இராமானுஜன் இரண்டே படிகளில் எழுதிவிடுவார். எனக்கே புரியாவிட்டால் மற்றவருக்கு எப்படிப் புரியும் என்று நாராயண ஐயர் கடிந்துகொண்டு, இடையிலுள்ள படிகளையும் எழுதும்படி வற்புறுத்துவார். தேர்வுத்தாளில் படிகளை விட்டுவிடும் நமக்கும் நம் ஆசிரியர்கள் இதைத்தானே சொல்கிறார்கள்!

அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் பிற்கால அறிஞர்கள் வரிசைப்படுத்தியபோது 3000க்கும் மேற்பட்ட முடிவுகள் காணப்பட்டன. ஏறத்தாழ 1903 முதல் 1914 வரை எழுதப்பட்டவை அவை. நான் வகுத்துப் பார்த்தேன். பதினோர் ஆண்டுகளில் நான்கு நாளுக்கு மூன்று முடிவுகள் என்று வருகிறது. நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால் தமக்குக் கணிதம் கிட்டியது என்று அவர் உறுதியாக நம்பினார். அந்த நம்பிக்கையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆனால் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தது அவருடைய கையே என்பதில் ஐயமில்லை.

கடிதங்கள்

நண்பர்களின் தூண்டுதலால் தம் முடிவுகளை இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு அனுப்பத் துணிந்தார். இலண்டன் பேராசிரியர் ஹில், சில தவறுகளைச் சுட்டிக்காட்டி, முடிவிலாத் தொடர்கள் பற்றிய ஒரு நூலைப் படிக்கச் சொன்னார். கேம்பிரிட்ஜின் இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதியும் பயனில்லை. வேறொருவராயிருந்தால் அத்துடன் விட்டிருப்பார். இராமானுஜன் மூன்றாம் முறையாகக் கேம்பிரிட்ஜுக்கு எழுதினார்.

1913 ஜனவரி 16ஆம் நாள் ஹார்டி என்பவருக்கு எழுதிய கடிதம் அது. தாம் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் என்று தொடங்கி, ஏறத்தாழ 120 முடிவுகளை எழுதியிருந்தார். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அவற்றைப் பார்த்தனர். சில முன்பே தெரிந்தவை, சில தவறானவை, மற்றும் சிலவோ எங்கும் கண்டிராதவை. இவற்றை எழுதியவர் முதல் தரமான கணித அறிஞர் என்று முடிவு செய்து, ஹார்டி பிப்ரவரியிலேயே மறுமொழி எழுதினார்.

அதன்பின் கதவுகள் திறந்தன. எஃப்.ஏ. தேறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. கடல் கடந்து செல்லச் சமய வழக்கம் முதலில் தடையாக நின்றது. பின்னர்த் தாயார் இசைவளித்தார். 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில், தாம் எழுத்தராக வேலை பார்த்த இதே துறைமுகத்திலிருந்து இராமானுஜன் புறப்பட்டார். ஆறு மாதங்களுக்குப் பின், அதாவது அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவில், எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கியது. உலகப் போர் மூண்டுவிட்டிருந்த காலத்தில்தான் அவருடைய கேம்பிரிட்ஜ் வாழ்க்கை நடந்தது.

மீண்டும் மாணவர்

கேம்பிரிட்ஜில் இராமானுஜன் என்ன செய்தார்? மீண்டும் மாணவரானார்! நிரூபணம் என்பது எவ்வளவு கண்டிப்பானது என்பதை இருபத்தாறு வயதில் புதிதாகக் கற்றார். இங்கே தனியே இருந்து கண்டவற்றில் பல ஐரோப்பாவில் முன்பே கண்டறியப்பட்டவை என்று தெரிந்தபோதும் தளரவில்லை. சான்றாக, அவர் ஆராய்ந்த ஒருவகை எண்களைக் கூறலாம். 60 என்னும் எண்ணுக்கு 12 வகுத்திகள் உண்டு. 60க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் இல்லை. இத்தகைய எண்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் அளித்தது. கும்பகோணத்திலும் சென்னையிலும் எட்டாமற் போன பட்டம் அது.

1918இல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமையைப் பெற்ற இரண்டாம் இந்தியர் அவர். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1729 பற்றிய செய்தியை அறியாதவர் இல்லை. மருத்துவமனையில் இருந்த அவரைக் காண வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அதில் சிறப்பு எதுவும் இல்லை என்றும் கூறினார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவகையில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே சொன்னார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. இதை நொடியில் பிறந்த அற்புதமாகச் சொல்கிறோம். ஆனால் இந்தக் கூட்டலை அவர் தம் நோட்டுப் புத்தகத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருந்தார். உழைத்துச் சேர்த்தவர் கையில் கேட்டபோது எடுத்துக் கொடுக்கப் பொருள் இருந்தது.

ஒரு சிறு கணக்கு

கணிதம் படிக்காத நண்பர்களும் போட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 4 என்னும் எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரித்து எழுதலாம். 9ஐ 30 வகையாகப் பிரிக்கலாம். 14ஐ 135 வகையாக. 19ஐ 490 வகையாக. 4, 9, 14, 19 என ஐந்தைந்தாகக் கூட்டிச் சென்றால், கிடைக்கும் வகைகளின் எண்ணிக்கை எப்போதும் 5ஆல் மீதியின்றி வகுபடும் என்று இராமானுஜன் கண்டறிந்து நிறுவினார்.

நான் 9க்குரிய முப்பதையும் தாளில் எழுதிப் பார்த்தேன். 14க்குரிய 135ஐ நானும் என் வகுப்பு நண்பர் ஒருவரும் நூலகத்தில் அமர்ந்து எழுதினோம். எங்கோ ஒன்று விடுபட, 134 என்று வந்தது. மறுபடியும் முதலிலிருந்து எழுதினோம். முழு மாலைப் பொழுதும் சென்றது. 200ஐப் பிரிக்கும் வகைகள் 3972999029388. இதை ஒவ்வொன்றாக எழுதி எண்ண எவராலும் இயலாது. இத்தகைய எண்ணிக்கையைத் தரும் சூத்திரத்தையே ஹார்டியும் இராமானுஜனும் 1918இல் வெளியிட்டார்கள். எங்கள் ஒரு மாலைப் பொழுதை எண்ணும்போதுதான் அவர்களுடைய உழைப்பின் அளவு எனக்குச் சற்றே விளங்கியது.

இறுதி நாட்கள்

கடுங்குளிர், போர்க்காலத் தட்டுப்பாடு, சைவ உணவு கிடைக்காமை, நேரமறியாத உழைப்பு ஆகியவற்றுக்கிடையே 1917இல் நோய்வாய்ப்பட்டார். இதையும் நாம் மறைக்கலாகாது. ஊணும் உறக்கமும் மறந்து உழைப்பதைப் புகழ்வது எளிது. அதற்கு அவர் கொடுத்த விலையையும் உடன் நினைக்க வேண்டும்.

தாயகம் திரும்புமுன், 1919 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகப் பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தது. தம் தேவைக்கு அது மிகுதி என்றும், பெற்றோருக்கு 50 பவுன் கொடுத்து இன்றியமையாத செலவும் போக மிகுவதை ஏழைப் பிள்ளைகள், ஆதரவற்ற பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிச் சம்பளம் போன்ற கல்விச் செலவுக்குப் பயன்படுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். என் தந்தையார் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரியில் கால் வைத்தது நானே முதல். அவருடைய வாழ்க்கையில் என் நெஞ்சை மிகவும் தொட்டது இக்கடிதமே.

1919 ஏப்ரலில் சென்னைக்குத் திரும்பினார். படுக்கையில் இருந்தபடியே புதிய வகைச் சார்புகளைக் கண்டறிந்து, 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் காலமானார். அந்த இறுதி ஆண்டின் தாள்கள் 1976இல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. ஜானகி அம்மையார் தையற்கலை கற்று, அதனால் வாழ்ந்து, ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, 1994 வரை வாழ்ந்தார். அவருடைய முயற்சியும் போற்றத்தக்கதே.

இராமானுஜனின் நினைவைக் காத்ததிலும் நம் பகுதிக்குப் பங்குண்டு. முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் அவருடைய கடிதங்களையும் அவரை அறிந்தோரின் நினைவுகளையும் தேடித் திரட்டினார். அவை 1968இல் நூலாக வெளிவந்தன. அந்த ஆசிரியரின் முயற்சியால் 1993இல் ராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகமும் தொடங்கப்பட்டது.

நாம் பெறும் பாடம்

நம்முடன் முதலாண்டில் சேர்ந்த சிலர் இன்று வகுப்பில் இல்லை. கண்டெய்னர் யார்டுக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்குச் சென்றுவிட்டார்கள். அவர்களுள் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுபவர் உண்டு. வீட்டின் நிலை அப்படி. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆனால் 30 ரூபாய் வேலையில் இருந்துகொண்டே நோட்டுப் புத்தகத்தை மூடாத ஒருவர் இதே துறைமுகத்தில் இருந்தார் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். விட்ட தேர்வை எழுத வழி இருக்கிறது; மாலையில் ஒரு மணி நேரம் படிக்கவும் வழி இருக்கிறது. அவர்கள் கேட்டால் நம் குறிப்பேடுகளைக் கொடுத்து உதவுவோம்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் பணிவோடு ஒன்று கூற விழைகிறேன். இராமசாமி ஐயர் அந்த நோட்டைத் திறந்து பார்த்தார். நாராயண ஐயர் சிலேட்டுடன் உடன் அமர்ந்தார். அவர்கள் இல்லையேல் அத்தனை உழைப்பும் சைவ முத்தையா முதலி தெருவிலேயே முடிந்திருக்கக்கூடும். கடைசி வரிசையில் இருக்கும் மாணவனின் நோட்டையும் தாங்கள் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன்.

மாணவ நண்பர்களே! நாம் அனைவரும் இராமானுஜன் ஆகிவிட முடியாது. ஆனால் நமக்கு அமைந்த ஆற்றல் எது என்று அறிந்து, அதற்கென ஒரு குறிக்கோளை வகுத்து, நாளும் சிறிது நேரமேனும் உழைக்க நம்மால் முடியும். பிறர் தவறு காட்டினால் திருத்திக்கொள்ள முடியும். ஒரு கதவு திறக்காவிட்டால் அடுத்த கதவைத் தட்ட முடியும். அவ்வாறு முயல்வோம், நாமும் உயர்ந்து, நம் வீட்டையும் நம் வடசென்னையையும் உயர்த்துவோம்!